கார்க் கூரையும் கடற்காற்றும்

மயிலிட்டிப் பழைய மாணவன் ஒருவன்

ஜுபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, சைவ சித்தாந்தம் பற்றியோ, சங்க நூல்கள் பற்றியோ, நம் கல்லூரியின் ஆரம்ப கால வரலாறு பற்றியோ எழுதுந் தகைமை எனக்கில்லை என்று கூறி விலக முயன்றேன். "உமக்குத் தெரிந்ததை எழுதும்" என்றார் குழுவிலிருந்த என் வகுப்புத் தோழர். எனக்குத் தெரிந்தவை ஒரு பழைய காரும் அதன் கூரையில் ஏறிய கறளுமே. ஆகவே அவற்றையே எழுதத் துணிந்தேன். ஆழ்ந்த கட்டுரைகளுக்கு நடுவே இஃது எண்ணெய்க் கறை படிந்த கையோடு வந்து நிற்பதை வாசக அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

விடயம் இதுதான். பழைய கார்களின் கூரைமேல் ஒட்டப்பட்ட றெக்சீன் உறை வெடித்துக் கழன்றபின், அதே வகை உறையை மீண்டும் ஒட்டுவதா, அன்றிப் பிக்கப் வண்டிகளின் சாமான் ஏற்றும் தட்டிலே தெளிக்கின்ற தடித்த பூச்சை அவ்விடத்தில் தெளிப்பதா? முன்னதை வைனில் கூரை என்றும் பின்னதைப் பெட் லைனர் என்றும் வண்டிக்காரர் வழங்குவர். எங்கள் கராச்சுகளிலே றெக்சீன், லைனர் என்ற இரு சொற்களே போதும். "இதற்கும் ஒரு கட்டுரையா?" என்று கேட்போர், 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கி 2025 ஆம் ஆண்டு பெப்ருவரி வரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இந்நாட்டிற்குத் தனியார் கார்கள் வராது தடுக்கப்பட்டிருந்ததை நினைவு கூர்வாராக. அக்காலத்திலே பாட்டன் வைத்திருந்த காரும் பொன்னாயிற்று. கொட்டில்களிற் கிடந்த வண்டிகளெல்லாம் வெளியே இழுக்கப்பட்டன. அவற்றுட் சில றெக்சீன் கூரை உடையவை. அவற்றின் உடையவர்கள் பலர், யான் மயிரிழையில் தப்பிய ஒரு பிழையைச் செய்ய ஆயத்தமாக நிற்கின்றனர் என்பதே என் கவலை.

கார்க் கூரைக்கு உறை போர்த்தும் வழக்கம் தேவையினாற் பிறந்ததன்று, பாவனையினாற் பிறந்தது. மடித்துத் திறக்கத்தக்க துணிக்கூரையுள்ள கார் செல்வத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட நாளிலே, திறவாத இரும்புக் கூரைமேல் துணியைப் போர்த்தி அத்தோற்றத்தைக் காட்டினர். போர்ட் கம்பெனியார் 1920 களின் இறுதியில் வெளியிட்ட மொடல் ஏ வண்டிகளுள் ஸ்போட் கூப்பே என ஒன்றுண்டு. அதன் கூரை துணி போர்த்தது, ஆயினும் மடியாது. பின்னர் 1962 இல் அதே கம்பெனியாரின் தண்டர்பேட் லாண்டோ வைனில் கூரையோடு வெளிவர, அமெரிக்காவெங்கும் அது பெரு நாகரிகமாயிற்று. அவ்வண்டியின் பின்பக்கத்தில் இருமருங்கும் வளைந்த உலோகச் சட்டம் ஒன்றையும் பதித்தனர். பழைய குதிரை வண்டிகளிலே கூரையை மடிக்க உதவிய சட்டம் அது. காரிலோ அஃது எதனையும் மடிப்பதில்லை. 1969, 1970 ஆம் ஆண்டுகளிற் பிளிமத் கார்கள் சிலவற்றுக்குப் பூப்போட்ட உறைகூட இட்டார்கள். காரை மணவறை என்று எண்ணினார்கள் போலும். இந்நாகரிகம் இங்கிலாந்திற்கும் பரவி, கோட்டினா, றோவர் முதலிய வண்டிகளின் உயர்ந்த வகைகளில் இடம்பெற்றது. கப்பலேறி எங்கள் நாட்டிற்கும் வந்தது.

எங்கள் வீட்டுக் கார் ஓர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ60. என் தந்தையார் அதனை வாங்கியபொழுது அதற்கு றெக்சீன் கூரை இல்லை. எங்கள் வீடு மயிலிட்டிக் கரையிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்தது. மாரி காலத்திலே வாடைக்காற்று எழும்பும்பொழுது கடலின் தூவானம் மதிற் சுவரைத் தாண்டி வந்து விழும். காலையில் காரின் கண்ணாடியை விரலால் தடவி நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். பத்து வருடத்துள் கூரையின் பெயின்ற் பொருக்கு வெடித்தது. 1977 இன் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதற்கு அடுத்த வருடம் தந்தையார் கொழும்புக்குச் சென்று, கூரைக்குக் கறுப்பு வைனில் உறையிட்டு, ஓரங்களுக்கு மினுங்குகின்ற உலோகப் பட்டியும் அடித்துக்கொண்டு திரும்பினார். அயலவர் வந்து தொட்டுப் பார்த்தனர். "இனிக் கூரையைப் பற்றிய யோசனை இல்லை" என்று தந்தையார் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. யோசனை இல்லாமற் போனதுதான் பின்னர் வந்த கேடனைத்துக்கும் காரணம்.

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். பாயும் பெட்டியும் ஒரு துவிச்சக்கர வண்டியும் காரின் கூரைமேல் ஏற்றப்பட்டுக் கயிற்றால் இறுக்கப்பட்டன. அதன்பின் பெற்றோல் கிடையாத காலம் வந்தது. கார்புறேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அழுத்த விகிதம் குறைந்த அப்பழைய எஞ்சின்கள் இருமிக்கொண்டேனும் அதனை ஏற்றுக்கொண்டன. ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் இல்லாவிடில் அவ்வாண்டுகளில் எத்தனை நோயாளர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு எட்டியிருப்பரோ! 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபொழுது, அதே கூரைமேல் அதே கயிறு மீண்டும் இறுக்கப்பட்டது. கயிறு உராய்ந்த இடங்களிலே றெக்சீன் கீறிற்று. அக்கீறல்களைப் பற்றி அன்று எவர் நினைத்தார்?

2017 ஆம் ஆண்டு ஜூலை 3 ஆம் நாள், இருபத்தேழு ஆண்டுகளின் பின், மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த காணிகளில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டன. போய்ப் பார்த்தபொழுது வீட்டுக்குக் கூரை இல்லை. பின்னர் ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொண்டு காரையும் கொண்டு சென்றோம். காருக்குக் கூரை இருந்தது. ஆனால் அதன் கறுப்பு உறைக்குக் கீழே என்ன இருக்கின்றது என்பதை நாங்கள் அறிந்திலோம்.

சென்ற வருடம் வாடை ஓய்ந்தபின் அதனை உரித்துப் பார்த்தேன். பின் கண்ணாடியின் மேலோரத்திலிருந்து தொடங்கினோம். உறைக்கும் தகரத்துக்கும் இடையே மெல்லிய பஞ்சுபோன்ற ஒரு படை இருந்தது. அது பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் நனைந்திருந்தது. மழை பெய்து மூன்று வாரமாகியிருந்தது என்பதை வாசகர் கவனிப்பாராக. உறையோடு சேர்ந்து கபில நிறத் தூள் கொத்தாக வந்தது. மழைப்பீலியின் ஓரமாக என் சுண்டுவிரல் தகரத்தினூடே உள்ளே சென்றது. உலோகப் பட்டியைப் பொருத்துவதற்காகத் துளைத்த சிறு துளைகள் ஒவ்வொன்றும் ஐம்பது சத நாணயத்தின் அளவுக்கு விரிந்திருந்தன. ஆனால் உறையின் மேற்பக்கம், இரண்டு மூன்று கீறல்களைத் தவிர, வண்டி பார்க்க வருகின்ற எவரையும் ஏமாற்றத்தக்க அழகோடிருந்தது.

அன்று எனக்கு நம் கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடமே நினைவுக்கு வந்தது. எங்கள் ஆசிரியர் மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று இரும்பாணிகளை இட்டு யன்னலோரம் வைத்தார். முதலாவதில் நீரும் காற்றும். இரண்டாவதில், கொதிக்கவைத்துக் காற்றை அகற்றிய நீரும் அதன்மேல் ஒரு படை எண்ணெயும். மூன்றாவதில் உலர்ந்த காற்றும், ஈரத்தை உறிஞ்சுவதற்குச் சிறிது கல்சியங் குளோரைட்டும். ஒரு கிழமையின் பின் முதற் குழாயின் ஆணி மட்டுமே கறள் பிடித்திருந்தது. இரும்பு கறள் பிடிக்க நீரும் வேண்டும், ஒட்சிசனும் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனோம். ஆசிரியர் எங்களுக்குக் காட்டாத நான்காவது குழாய் ஒன்றுண்டு. அதுவே என் காரின் கூரை. நீர் உள்ளே போகும், வெளியேற இயலாது. காற்றோ ஓரங்களால் எப்பொழுதும் வந்துபோகும்.

கடற்கரை ஊராருக்கு இங்கே ஒரு மேலதிகத் தீமையும் உளது. கடலுப்பு என்பது நாம் உண்ணும் சோடியங் குளோரைட்டு மட்டுமன்று. அதனுள் மகனீசியங் குளோரைட்டும் கலந்திருக்கின்றது. இப்பொருள் மூன்றாங் குழாயிலிட்ட கல்சியங் குளோரைட்டுக்கு உறவினன் போன்றது. காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக் கரைந்து நிற்கும். மாரியிலே எங்கள் வீட்டுச் சமையலறையில் உப்புச் சாடி கசிவதை யாவரும் கண்டிருப்பர். ஆகவே றெக்சீனுக்குக் கீழே உப்பு ஒருமுறை புகுந்துவிடின், மழை பெய்யாத நாளிலும் அவ்விடம் ஈரமாகவே இருக்கும். உப்பு நீர் மின்னைக் கடத்துவதனாற் கறளின் வேலை விரைவுபடும். கறளோ தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு இடத்தைப் பிடிப்பது. அது பருத்துத் தன்மேலுள்ள எதனையும் நெம்பிக் கிளப்பும். அன்றியும் வைனில் என்பது தனக்கு மென்மை தரும் எண்ணெய்ப்பொருளை வெயிலிலே சிறிது சிறிதாக இழந்து வரட்சியுற்று வெடிக்கும் இயல்பினது. எங்கள் சித்திரை வெயிலில் கறுப்பு நிற உறை எவ்வளவு காலம் மென்மையாக இருக்கும்? ஆகவே மயிலிட்டி, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் வாழ்வோர் கார்க் கூரைக்கு மீண்டும் றெக்சீன் ஒட்டுதல் தகாது என்பதே என் முதலாவது முடிவு. இதிலே எனக்கு ஐயம் சிறிதும் இல்லை.

நிற்க, லைனர் பற்றிப் பார்ப்போம். இதனை எனக்கு அறிமுகஞ் செய்தவன் என் மருமகன். அவன் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றுகின்ற பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கின்றான். "மாமா, உந்த றெக்சீனை உரிச்சு எறிஞ்சுபோட்டு என்ர வண்டித் தட்டுக்கு அடிச்ச மாதிரி லைனர் அடியுங்கோ. ஐஸ் தண்ணியும் மீன் பெட்டியும் மூண்டு வரியமாப் படுது, ஒண்டும் நடக்கேல்லை" என்றான். சென்று பார்த்தேன். உண்மையே கூறினான். மீன் பெட்டிகளின் உப்பு நீர் நாள்தோறும் வடிந்த தட்டிலே கறளின் சுவடே இல்லை. கரும்பலகையில் மணல் ஒட்டினாற்போன்ற சொரசொரப்போடு பூச்சு அப்படியே இருந்தது. பத்தடி தொலைவில் நின்று பார்த்தபொழுது அது றெக்சீனின் மணிமணியான தோற்றத்தை ஒத்திருந்தது. பிறநாடுகளிலே பழைய கார் வைத்திருப்போர் இதனைக் கூரைக்குத் தெளிக்க எண்ணியதும் இவ்வொற்றுமையினாற் போலும்.

இப்பூச்சு பொலியூரதேன் அல்லது பொலியூரியா என்னும் இனத்தைச் சேர்ந்தது. இரண்டு திரவங்கள் வேறு வேறாக வரும். ஒன்று ஐசோசயனேற்று, மற்றையது அதனோடு கூடி இறுகும் பிசின். பெரிய நிலையங்களில் இரண்டையும் சூடாக்கி மிகுந்த அழுத்தத்தோடு துவக்கின் வாயிலே கலந்து தெளிக்கின்றனர். சில வினாடிகளிலேயே அது கெட்டியாகிவிடும். எங்கள் கராச்சுகளிலோ போத்தலிற் கலந்து, சாதாரண காற்றழுத்தக் கருவியால் தெளித்து, சில நாள் காய விடுகின்றனர். வண்டித் தட்டுக்கு மூன்று மில்லிமீற்றர் தடிப்பு வரை தெளிப்பதுண்டு. கூரைக்கு ஒரு மில்லிமீற்றர் தாராளம். கார்ப் பெயின்றின் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கே என்பதை ஒப்பிட்டுப் பார்க்க. ஒன்றரைச் சதுர மீற்றர் கூரைக்கு ஒரு மில்லிமீற்றர் தடிப்பெனின் ஒன்றரை லீற்றர் பூச்சுப் போதும். பாரமும் ஒன்றரை இரண்டு கிலோகிராமுக்கு மேற்படாது.

லைனரின் பெருஞ் சிறப்பு அதன் தடிப்பன்று. றெக்சீன் ஓரத்திற் பட்டியும் நடுவிற் பசையுமாகத் தகரத்தின்மேல் கிடப்பது; லைனரோ செம்மையாகத் தேய்த்துத் துப்புரவாக்கிய தகரத்தை இடைவெளியின்றிப் பற்றிக்கொள்வது. நீர் தேங்க இடம் இல்லை. துளை வேண்டாம், பட்டி வேண்டாம், தையல் இல்லை. கீறினாலும் கீறிய இடம் மட்டுமே கெடும். றெக்சீனிற்போல ஒரு கீறலினூடு வந்த நீர் கூரை முழுவதும் பரவுவதில்லை. இவ்வளவில் மருமகன் வென்றான்.

ஆயினும் குறைகளையும் மறைத்தல் ஆகாது. மலிவான வகை, அரோமற்றிக் எனப்படுவது, வெயிலிலே நிறம் மங்கிச் சாம்பல் பூத்துவிடும். வண்டித் தட்டில் அதனை எவரும் கவனியார். கூரையிலோ இரண்டு கோடை போதும் அதன் அழகு கெடுவதற்கு. வெயில் தாங்கும் அலிபாற்றிக் வகைக்கு விலை கூட. அடுத்தது சொரசொரப்பு. வலிகாமத்துச் செம்மண் தூசி எங்கள் வெள்ளை வேட்டிகளை என்ன செய்கின்றதென யாவரும் அறிவர். இப்பூச்சின் பள்ளங்களுள் அது புகுந்தால் துணியாற் போகாது, தும்பாற்றான் போகும். காகத்தின் எச்சத்தைப் பற்றி ஜுபிலி மலரில் விரித்தெழுதல் நன்றன்று. வேப்பமரத்தின் கீழ்க் காரை நிறுத்துவோர் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பாராக. கறுப்பு நிறமும் வேண்டாம். வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் நிறம் கேட்டு வாங்கலாம், உள்ளிருப்போர் வாழ்த்துவர்.

இவை சிறு குறைகள். பெருங் குறை பூச்சிலன்று, நம் மனத்தில் உள்ளது. மருமகனின் வார்த்தையைக் கேட்டு யான் முதலிற் சென்ற கராச்சின் பாஸ், கூரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு ரிங்கர் வேலை ஒண்டும் தேவையில்லை. கம்பித் தூரிகையால உரஞ்சி, ஓட்டைக்குப் பட்டி பூசி, மேலால தடிப்பா அடிச்சா எல்லாம் மூடுப்படும்" என்றார். அவர் பொய் கூறவில்லை. எல்லாம் மூடுப்பட்டிருக்கும். என் தந்தையார் 1978 இற் செய்ததும் அதுவே. அன்று பொருக்கு வெடித்த பெயின்றின்மேல் றெக்சீனைப் போர்த்தோம். இன்று அரித்த தகரத்தின்மேல் லைனரைப் போர்த்தலாம். உள்ளே எஞ்சியுள்ள கறளுக்கு, முன்னமே தான் உறிஞ்சி வைத்த ஈரம் உண்டு. அடிப்பக்கத்திலிருந்து காற்றும் உண்டு. அது தன் தொழிலை நிறுத்தாது. மேலே உள்ள பூச்சு வலிமையானதாகையால் உடனே கொப்பளித்துக் காட்டவும் மாட்டாது. காட்டும் நாளிலே கூரையென்று சொல்ல எஞ்சியிருப்பது பூச்சு மாத்திரமே. விரும்பாத நாளில் றெக்சீனையாவது ஒரு பிற்பகலில் உரித்தெறியலாம். லைனரை உரித்தல் இலகுவன்று, நாட்கணக்காகச் சுரண்டவேண்டும். வெல்டிங் சுவாலையை அதன் அருகே கொண்டுபோதலும் ஆபத்து. எரியும் பொலியூரதேன் நச்சுப் புகையைக் கக்கும். ஆகவே லைனர் தெளிக்குமுன் செய்யாத வேலை, பின்னர் செய்வதற்கு அரிய வேலையாகிவிடும்.

எங்கள் முன்னோர் இதனை அறியாதவரல்லர். மயிலிட்டியின் மரத் தோணிகளுக்குச் சுறா எண்ணெய் பூசிய காலத்திலே, அவ்வெண்ணெய் நெடுநாள் நில்லாது. மீண்டும் மீண்டும் பூசவேண்டும். பூசும் ஒவ்வொரு முறையும் தோணியைக் கரையேற்றிப் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தனர். கிடுகு வேய்ந்த வீட்டுக்காரரும் அவ்வாறே. கிடுகைப் பிரிக்கும் நாளில் எந்தச் சிலாகை உக்கியது, எதனைக் கறையான் அரித்தது என்பது வெளிப்பட்டுவிடும். அக்கூரைகள் விரைவிற் கெட்டன. ஆனால் கெடுதியை ஒளிக்கவில்லை. "ஆயுளுக்கும் போதும்" என்று விற்கப்படுகின்ற பூச்சுகளைக் கேட்கும்பொழுது, யாருடைய ஆயுளுக்கு என்று கேட்கத் தோன்றுகின்றது.

அக்கேள்வி என்னை வேறொரு விடயத்துக்குக் கொண்டுசெல்கின்றது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. மேலே கூறிய கராச்சிலே மற்றொரு வண்டிக்கு லைனர் தெளித்துக்கொண்டிருந்தனர். தெளித்தவன் பதினெட்டுப் பத்தொன்பது வயதுப் பையன். மூன்று பக்கம் அடைத்த தகரக் கொட்டில். மூக்கைச் சுற்றி ஒரு லேஞ்சி. அவ்வளவே அவனுக்குக் காப்பு. தெளிக்கும்பொழுது எழும் நுண்ணிய புகாரிலே ஐசோசயனேற்று மிதக்கும். தொழிலினால் உண்டாகும் ஆஸ்த்துமா நோய்க்கு உலகிலே நன்கறியப்பட்ட காரணங்களுள் அஃது ஒன்று. அதன் கொடுமை யாதெனில், உடல் ஒருமுறை அதனை ஒவ்வாப் பொருளாகக் கண்டுகொண்டபின், மிகச் சொற்ப அளவும் மூச்சை அடைக்கும். அத்தொழிலையே அவன் கைவிட நேரும். மணமும் பெரிதாக இல்லாமையால் ஆபத்து அருகிருப்பதை மூக்கு அறிவியாது. 1984 இல் போபாலிலே பல்லாயிரவரைக் கொன்ற வாயு வேறொரு ஐசோசயனேற்று. லைனரில் உள்ளது அதுவன்று. அதுபோல் எளிதில் ஆவியாவதுமன்று. ஆயினும் தெளிக்குங் கருவி அதனைப் புகாராக்கி நெஞ்சுக்குள் அனுப்பிவிடுகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2023 ஆகஸ்டு 24 முதல், இவ்வினத்துப் பொருள்களில் டைஐசோசயனேற்று ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருப்பின், பயிற்சி பெற்ற தொழிலாளரே அவற்றைத் தொழிலிற் கையாளலாம் என்று சட்டம் செய்துள்ளனர். தெளிப்பவருக்கு வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்றைக் கொடுக்கும் முகமூடியே தக்கதென்பது அறிந்தோர் துணிபு. லேஞ்சியோ தூசியைக்கூடத் தடுக்காது.

என் காரின் கூரை இன்னும் இருபது ஆண்டு நிற்கவேண்டும் என்பதற்காக ஒரு பையனின் நெஞ்சு இருபது ஆண்டிற் கெடவேண்டுமா? "அவனுக்கு அது பழகிவிட்டது" என்று பாஸ் கூறினார். இந்தப் பொருளுக்கு உடல் பழகுவதில்லை, பகைக்கவே கற்றுக்கொள்ளும். நம் பழைய மாணவர்களுள் வைத்தியர்கள் பலர், பொறியியலாளர்கள் பலர், இன்று வெளிநாடுகளிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பி வண்டி திருத்துவிப்போர் இன்னும் பலர். அன்னோர் கூலியைப் பேசும்பொழுது முகமூடியையும் சேர்த்துப் பேசுவாராயின், கராச்சுக்காரர் அதனை வாங்கி வைப்பர். கேட்பார் இல்லாத பொருளை எவர்தான் வாங்கி வைப்பர்?

ஈண்டு ஓர் எதிர்வாதத்தையும் கூறல் வேண்டும். பழைய கார்களைப் போற்றும் அன்பர்கள், றெக்சீனோடு தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிக்கு லைனர் தெளிப்பது கோயிற் சிற்பத்துக்குச் சீமெந்து பூசுவது போலாகும் என்பர். கோட்டினா ஒன்றை முன்னைய கோலத்தோடு காப்பாற்ற விரும்புவோர் புதிய வைனில் வாங்கி ஒட்டட்டும், யான் தடுக்கேன். ஆனால் அவர்கள் அதனைக் கடற்கரையில் வைத்திராது உள்ளூரில் வைத்திருப்பார்களாக. ஒட்டுமுன் தகரத்தை வெள்ளையாகத் தேய்த்து எபொக்சிப் பூச்சு இடுவார்களாக. சில தொழிற்சாலைகள் உறை மூடும் என்று எண்ணி அவ்விடத்தில் அடிப்பூச்சோடு நிறுத்திக்கொண்டன. அந்தச் சிக்கனத்தையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டியதில்லை. தொழிற்சாலையில் உறையின்றி வந்த எங்கள் ஒஸ்ரின் போன்ற வண்டிகளுக்கோ, உள்ளபடி சொல்வதாயின், நல்ல சாதாரணப் பெயின்றே முதன்மையானது. மழையில் மட்டும் நின்று, வாரம் ஒருமுறை கழுவப்பெறும் காருக்கு அது போதும். உப்புத் தூவானத்தில் நிற்பதும், கூரைமேல் பாரம் ஏற்றுவதுமான வண்டிகளுக்கே லைனர் தகும். எங்கள் கார் அவ்வினத்தைச் சேர்ந்தது. இப்பொழுது அதன் கூரைமேல் ஏறுவன வலையும் மிதவையுமே; இறைவன் அருளால் பாயும் பெட்டியும் அல்ல.

முடிவில் யான் செய்தது இது. முதற் கராச்சை விட்டு வேறொருவரிடம் சென்றேன். அவர் பைபர் வள்ளங்கள் திருத்திப் பழகியவர்; பிசினின் குணம் அறிந்தவர்; காற்றுக் குழாயோடு கூடிய முகமூடி ஒன்றும் வைத்திருந்தார். அரித்த பகுதிகளை வெட்டி நீக்கிப் புதுத் தகரம் வைத்து ஒட்டினோம். நன்னீரால் இருமுறை கழுவி உப்பை அகற்றி, வெயிலிற் காயவிட்டு, எபொக்சி அடிப்பூச்சு இட்டு, பின்னரே இளஞ்சாம்பல் நிற லைனரைத் தெளித்தோம். தெளித்த இரண்டு நாளும் அயல் வீட்டுப் பிள்ளைகளை அப்பக்கம் விடவில்லை. வேலை ஐந்து வாரம் இழுத்தது. மருமகன் ஐந்து நாளில் முடியும் என்றான். அதனை அவனுக்கு இப்பொழுதும் நினைவூட்டுவதுண்டு.

ஒரு செயலை மட்டும் ரிங்கர் பாஸ் ஏற்கவில்லை. கூரையின் உட்பக்கத்தை மறைத்திருந்த துணியை மீண்டும் தைத்துப் போடவேண்டாம் என்றேன். "உள்ளுக்கு வெறுந் தகரம் தெரியும், வடிவில்லை ஐயா" என்றார். தெரியட்டும் என்றேன். ஒரு வாடைக் காலம் கழிந்துவிட்டது. மாதம் ஒருமுறை பின்னிருக்கையிற் சாய்ந்து படுத்து, கைவிளக்கைப் பிடித்து, தகரத்தை ஓரம் ஓரமாகப் பார்க்கின்றேன். மழைப்பீலிக்கு மேலே, இடப் பக்கத்து ஒட்டின் அருகில், கடுகளவு கபிலப் புள்ளி ஒன்று சென்ற மாதம் தென்பட்டது. சுரண்டிப் பூச்சிட்டேன். இவ்வழி வரும் பழைய மாணவர்கள் துறைமுக வீதியிலே இளஞ்சாம்பற் கூரையுடைய ஒஸ்ரினைக் கண்டால் நிறுத்திக் கேட்கலாம். மேற்பக்கத்தையும் உட்பக்கத்தையும் காட்டுவேன்.